மானியம் கூடக் கூட மனித மேம்பாட்டுக் குறியீடு குறைகிறதா?

கேள்வி:
மாவட்ட அளவில் 10 ஆண்டுத் தரவு. மத்திய அரசு நபருக்கு எவ்வளவு மானியம் தந்தது என்பதை வைத்து மனித மேம்பாட்டுக் குறியீட்டையும் (ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்த எண்) உள்ளூர் உற்பத்தி வளர்ச்சியையும் ரிக்ரெஷனில் (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) பார்த்தால், குறியீட்டுக்கு மைனஸ் வருகிறது. வளர்ச்சியில் விளைவே தெரியவில்லை. மானியம் கெடுதல் செய்கிறது என்று முடிவுக்கு வரலாமா?

பதில் 1:
வேண்டாம். பின்தங்கிய இடத்துக்கு அதிகம் கொடு என்பதுதான் பெரும்பாலும் பகிர்வுச் சூத்திரமே. ஏழ்மை மானியத்தை இழுத்து வருகிறது. உங்கள் மைனஸ் அதைத்தான் காட்டுகிறது. மாவட்டத்துக்கும் ஆண்டுக்கும் நிலை விளைவு (ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு தனி எண்) சேர்த்தால் மாவட்டங்களுக்கிடையே உள்ள நிரந்தர வேறுபாடுகள் கழியும். ஆனால் சூத்திரம் ஆண்டுதோறும் புதுக் கணக்கில் ஓடினால் அதுவும் போதாது.

அப்போது சூத்திரத்தில் எந்த எல்லையைத் தாண்டினால் தொகை சட்டென்று படி ஏறுகிறது என்று தேடுங்கள். பிரேசிலில் 10,188 பேர் வரையுள்ள நகராட்சிக்கு ஒரு பங்கு, அதைத் தாண்டினால் கூடுதல் பங்கு. எல்லைக்குச் சற்று மேலும் கீழும் உள்ள ஊர்களை ஒப்பிட்ட ஆய்வில், 1980களில் கூடுதல் பணம் பெற்ற ஊர்களில் எழுத்தறிவும் பள்ளிப் படிப்பும் உயர்ந்தன, வறுமை குறைந்தது. ஒன்றை மட்டும் முதலில் சோதியுங்கள்: எல்லைக்குச் சற்று மேலே ஊர்கள் குவிந்திருந்தால் மக்கள்தொகைக் கணக்கிலேயே கைவைத்திருக்கலாம்.

வளர்ச்சிக்கும் இதே வழிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் நபர் உற்பத்தி சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளுக்கு உதவி போனது. அங்கே நபர் உற்பத்தி கூடியது, வேலைவாய்ப்பு அந்த அளவுக்கு நகரவில்லை.

பதில் 2:
குறியீட்டிலும் கோளாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதியான சராசரிப் படிப்பாண்டு 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம்தான் அளக்கப்படுகிறது. இன்று 6 வயதில் பள்ளியில் சேரும் குழந்தை அதில் தென்பட 19 ஆண்டு ஆகும்; உங்களிடம் இருப்பதோ 10 ஆண்டு. போதாக்குறைக்கு வருமானம் குறியீட்டுக்குள்ளேயே இருப்பதால், நீங்கள் பார்க்கும் குறியீடும் வளர்ச்சியும் ஓரளவு ஒன்றே. குறியீட்டைப் பிரித்து, சிசு மரணம், தடுப்பூசி, பள்ளி வருகை, தொடக்கப்பள்ளியை முடித்தோர் எனத் தனித்தனியாகப் பாருங்கள்.

பதில் 3:
எந்தத் தொகையை எடுத்தீர்கள்? ஒதுக்கியதா, விடுவித்ததா, செலவானதா? உகாண்டாவில் 1991–95இல் பள்ளிகளுக்கான தலைவீத மானியத்தில் (மாணவர் எண்ணிக்கைப்படி தரும் பணம்) சராசரி 13 விழுக்காடுதான் பள்ளியைச் சேர்ந்தது. தொகையை நாளிதழில் வெளியிட்டு, பள்ளிச் சுவரிலும் ஒட்ட வைத்த பிறகு 2001க்குள் அது 80ஐத் தாண்டியது. ஒதுக்கீட்டை மட்டும் பார்த்தவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

நிபந்தனையற்ற மானியத்தையும் திட்டத்துக்கென்று கட்டிய மானியத்தையும் ஒரே மாறியில் கூட்டாதீர்கள். முதலாவது சம்பளத்தில் கரைந்துவிடலாம். இரண்டாவதில் உள்ளூர்ப் பங்குத்தொகை கேட்டால், அதைப் போட முடியாத ஏழை மாவட்டம் முழு மானியத்தையும் இழக்கலாம். நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் விடுவித்த பணம் டெண்டர் முடியுமுன் காலாவதியாகலாம். விடுவித்த மாதத்தையும் தரவில் சேருங்கள்.

கேட்டவர்:
நன்றி. மானியம் தந்ததற்கும் அதன் விளைவைப் பார்ப்பதற்கும் இடையே எத்தனை ஆண்டு இடைவெளி வைக்கலாம்?

பதில் 1:
எல்லாவற்றுக்கும் ஒன்றே வேண்டாம். தடுப்பூசிக்கு அதே ஆண்டும் அடுத்த ஆண்டும். கட்டடம், குடிநீருக்கு 2, 3 ஆண்டு. சாலை வழி வரும் வளர்ச்சிக்கு இன்னும் நீளம். அதை 10 ஆண்டுத் தரவில் முடிவுகட்டாமல் விடுவது மேல்.