இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு: போடலாமா, வேண்டாமா?

திரைவேகம்:
இருப்பது ஜிடிஎக்ஸ் 1080 (8 ஜிபி), பி550 போர்டு, 650 வாட் பவர் சப்ளை, 1440பி மானிட்டர். பழைய 1080 இன்னொன்று மலிவாகக் கிடைக்கிறது. எஸ்எல்ஐ (இரண்டு என்விடியா கார்டுகளைச் சேர்த்து ஒரே கேமை ஓட்டும் முறை) போட்டால் பிரயோஜனம் உண்டா, இல்லை புதுசாக ஒரே கார்டு வாங்குவதுதான் சரியா?

வெப்பக்குழல்:
எஸ்எல்ஐ வேண்டவே வேண்டாம். முதல் தடை போர்டிலேயே இருக்கிறது. எஸ்எல்ஐக்கு ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்தது 8 பிசிஐஇ லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும் பாதை) வேண்டும். பெரும்பாலான பி550 போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட்டுக்குச் சிப்செட் வழியாக 4 லேன்தான் வரும். போர்டை மாற்றினாலும் கேம் ஒத்துழைக்காது. 2021 ஜனவரி 1 முதல் என்விடியா புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒவ்வொரு கேமிலும் எஸ்எல்ஐ ஓட டிரைவரில் வைக்கும் அமைப்பு) போடுவதை நிறுத்திவிட்டது. 8+8=16 ஜிபி என்றும் கணக்குப் போடாதீர்கள். அதே டெக்ஸ்ச்சர்தான் (கேமின் மேற்பரப்புப் படங்கள்) இரண்டு கார்டிலும் ஏறும், கேமுக்குக் கிடைப்பது 8 ஜிபியே.

பிக்சல்மாறன்:
எஸ்எல்ஐ பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. திரையில் வரும் படங்களை, அதாவது ஃப்ரேம்களை, இரண்டு கார்டுக்கும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கு போடும் முறை அது. டிஏஏ (படத்தின் விளிம்புகளை மென்மையாக்கும் முறை) போன்றவை முந்தைய ஃப்ரேமைப் பார்த்துத்தான் அடுத்ததை வரைகின்றன. அந்த முந்தைய ஃப்ரேமோ பக்கத்துக் கார்டில் கிடக்கும்.

ஆனால் இரண்டாவது கார்டே வீண் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுக் கார்டு வாங்குங்கள், 1080ஐ விற்காதீர்கள். லாஸ்லெஸ் ஸ்கேலிங் மென்பொருளில் ஃப்ரேம் ஜெனரேஷன் (அசல் ஃப்ரேம்களுக்கு நடுவே புது ஃப்ரேம்களை உருவாக்குவது) வேலையை 1080க்குத் தள்ளிவிடலாம். ஒரே கார்டு கேமையும் ஓட்டி இதையும் செய்தால் கேமின் அசல் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) இறங்கும். பிரித்துக் கொடுத்தால் அவ்வளவு இறங்காது.

மானிட்டர் கேபிளை 1080இல் செருகுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய், கேமுக்குப் புதுக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். லாஸ்லெஸ் ஸ்கேலிங்கில் 1080ஐக் காட்டுங்கள். பலர் கேபிளைப் பழக்கதோஷத்தில் புதுக் கார்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது ஃப்ரேம் 1080க்குப் போய், உருவான ஃப்ரேம்களோடு திரும்பவும் வர வேண்டும். லேன் திணறும்.

வெப்பக்குழல்:
அந்த 4 லேன் தாங்குமா?

பிக்சல்மாறன்:
கணக்குப் பார்ப்போம். 2560 × 1440 × 4 பைட், ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 14.7 எம்பி. 60 எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு 0.9 ஜிபி. பிசிஐஇ 3.0இல் 4 லேன் கொடுப்பது ஏறக்குறைய 3.9 ஜிபி, தாராளம். 4கேயில் அசல் 120 எஃப்பிஎஸ் அனுப்பினால் 4 ஜிபியை நெருங்கும், அங்கே வேண்டாம். லேன் எவ்வளவு கிடைக்கிறது என்பதை ஜிபியு-இசட் மென்பொருளில் லோட் கொடுத்துப் பாருங்கள்; சும்மா இருக்கும்போது லிங்க் வேகம் தானாகவே இறங்கித் தெரியும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் கார்டுக்கான இந்த இரண்டாவது ஸ்லாட்டே அணைந்துவிடும். மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பக்குழல்:
லேன் சரி, மின்சாரம்? 1080க்கு 180 வாட், புதுக் கார்டுக்கு 250 வைப்போம், ப்ராசஸருக்கு 140, மற்றவைக்கு 50. 620 ஆயிற்று. 650 வாட் சப்ளையில் ஒரு திடீர் எகிறலுக்கு இடமில்லை, கேம் நடுவில் மெஷின் அணையும். 850 வாட் போடுங்கள்; இரண்டு கார்டுக்கும் தனித்தனி கேபிள், ஒரே கேபிளின் கிளையைப் பகிராதீர்கள். கார்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்லாட்டாவது காலி இல்லையென்றால் மேல் கார்டின் ஃபேனுக்குக் காற்று கிடைக்காது.

இன்னொன்று டிரைவர். 1080 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா டிரைவர் 580 கிளையோடு முடிந்தது. புதுக் கார்டும் என்விடியா என்றால் 1080க்காக அதையும் பழைய டிரைவரில் கட்டிப்போட வேண்டும்.

பிக்சல்மாறன்:
அது நியாயமான தடைதான். புதுக் கார்டு ஏஎம்டியின் ரேடியான் என்றால் இரண்டு டிரைவரும் தனித்தனி, அந்தச் சிக்கல் இல்லை.

வெப்பக்குழல்:
தாமதம் இருக்கிறதே! அடுத்த அசல் ஃப்ரேம் வந்த பிறகுதான் நடு ஃப்ரேமை உருவாக்க முடியும். 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃப்ரேம் 33 மில்லிசெகண்ட். மவுஸ் இழுபடுவது கையிலேயே தெரியும். போட்டி ஷூட்டர் ஆடுபவர் இதைத் தொடவே கூடாது.

பிக்சல்மாறன்:
ஷூட்டருக்கு நானும் சொல்ல மாட்டேன். அசல் 60 நிலையாக வரும் கதை கேம்களுக்கு மட்டும். திரைவேகம், என்ன கேம் ஆடுகிறீர்கள்?

திரைவேகம்:
பெரும்பாலும் ஷூட்டர்தான். அப்படியானால் 1080ஐ விற்றுவிட்டு அந்தப் பணத்தையும் சேர்த்து ஒரே கார்டு பார்க்கிறேன்.