வீட்டு வேலைக்கு கார்ட்லெஸ் ட்ரில்: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. கார்ட்லெஸ் ட்ரில் ஒன்று வாங்கப் போகிறேன். வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

வீடு மதுரையில். செங்கல் சுவர், மேலே சிமென்ட் பூச்சு. லிண்டலும் (ஜன்னல், கதவுக்கு மேலே வரும் விட்டம்) தூணும் கான்கிரீட். திரைச்சீலைக் கம்பி, சமையலறையில் ஒரு ஷெல்ஃப், அப்புறம் அப்பா பிடித்து எழ பாத்ரூமில் ஒரு கைப்பிடி. எனக்கு முக்கியம் இந்தக் கைப்பிடிதான். அவர் முழு எடையையும் போட்டாலும் அது அசையக் கூடாது.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணனிடம் 12 வோல்ட் ட்ரில் வாங்கி ஜன்னலுக்கு மேலே ஓட்டை போட்டுப் பார்த்தேன். பூச்சு சர்ரென்று போனது. லிண்டலைத் தொட்டதும் நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை, பிட் முனை கருத்துப்போனதுதான் மிச்சம். அதில் சுழலும்போதே பிட்டைத் தட்டிக்கொடுக்கும் ஹாமர் வசதியே இல்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

அதனால் இப்போது ஹாமர் உள்ள 18 வோல்ட், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் மாடல்களைப் பார்க்கிறேன். அட்டையில் 20 வோல்ட் மேக்ஸ் என்று இருப்பதும் இதே 18தான். முழு சார்ஜில் உள்ள அளவைப் போடுகிறார்கள், அதைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள்.

லிண்டலில் 8 மி.மீ. ஓட்டை இதில் இறங்குமா, இல்லை அதற்கு மட்டும் கான்கிரீட்டைத் துளைக்கும் ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுப்பது நல்லதா? 2 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று போதுமா? பாஷ், மகிட்டா, டிவால்ட் மூன்றில் எதற்கு மதுரையில் பேட்டரி தனியாகச் சுலபமாகக் கிடைக்கும்?

பாத்ரூமில் டைல்ஸ் உடையாமல் இருக்க ஹாமரை அணைத்துவிட்டு டைல்ஸ் பிட்டில் தொடங்குவேன். உள்ளே செங்கல்தான். கைப்பிடிக்கு எந்த ஆங்கர் (ஓட்டைக்குள் இறுகிப் பிடிக்கும் பிடிமானம்) போட்டால் நிற்கும்? போட்டு அனுபவப்பட்டவர்கள் அவசியம் சொல்லுங்கள்.