மெட்ராஸுக்கு முன்னால் டிவி பார்த்த ஊர்

செயற்கைக்கோள் டிவி என்றாலே எல்லோரும் நம் நாட்டு இன்சாட் செயற்கைக்கோள்களிலிருந்துதான் கதையை ஆரம்பிப்பார்கள். நான் பார்த்தது அதற்கும் முன்னால், 1975-ல். அப்பாவுக்கு அப்போது கர்நாடகத்தில் ராய்ச்சூர் பக்கம் கால்வாய் வேலை. நாங்கள் இருந்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஜீப்பில் சாமான்கள் வந்து இறங்கின. பார்த்தால், கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலை! அதையே 3 மீட்டர் அகலத்துக்கு வட்டமாகப் பூட்டி, மேற்குப் பக்கம் வானத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

மேற்கே ஏன் என்று அப்பாதான் விளக்கினார். நாசா 1974-ல் ஏவிய ஏடிஎஸ்-6 என்ற செயற்கைக்கோளை நம் நாட்டுக்காக நகர்த்தி, கென்யாவுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதன் ஆன்டெனா மட்டுமே 9 மீட்டருக்கு மேல். மேலே அவ்வளவு பெரிசாக இருந்ததால்தான் கீழே கோழி வலையே போதுமானதாக இருந்தது. செலவைக் கிராமத்தின் தலையில் கட்டாமல் வானத்தில் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆச்சரியம்.

ஆகஸ்ட் 1-ல் ஒளிபரப்பு ஆரம்பம். 6 மாநிலங்களில் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. மெட்ராஸில் தூர்தர்ஷன் வந்ததே ஆகஸ்ட் 15-ல்தான். "எங்கள் ஊரில் டிவி பார்க்கிறோம்" என்று மாமாவுக்குக் கடிதம் போட்டேன். பட்டிக்காட்டில் ஏதுடா டிவி என்று பதில் வந்தது.

காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ஊருக்கு. படம் ஒன்று, ஒலி இரண்டு: எங்களுக்குக் கன்னடம், ஆந்திரக் கிராமங்களுக்கு அதே படத்தோடு தெலுங்கு. சில சமயம் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். யாரும் கண்டுகொள்ளவில்லை. முதல் சில வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் உர அளவும் பூச்சிமருந்தும் தினமும் வர, கூட்டம் மெல்லக் கலைந்தது. ஆட்டம் பாட்டம் உள்ள நாளில் மட்டும் திரும்பச் சேரும். பிள்ளைகள் நாங்கள் எதையும் விடவில்லை.

(அதே ஒளிபரப்பைப் பார்க்க, கொழும்பில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டிலும் இஸ்ரோ ஆட்கள் ஆன்டெனா வைத்துக் கொடுத்தார்களாம். அதைப் பிற்பாடு படித்தபோது கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.)

ஓராண்டுக்குத்தான் இரவல். 1976 ஜூலை 31-ஓடு ஒளிபரப்பு நின்றது. சேட்டிலைட்டையும் அமெரிக்கா பக்கம் நகர்த்திக்கொண்டு போனார்கள். அப்பா சர்க்கார் வேலைக்காரர் அல்லவா, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், மேலே எழுதிப் போட்டு இன்னும் ஒரு வருஷம் வாங்கித் தர முடியுமா என்று கேட்க.