அப்பாவுக்குப் பாட்டு காதைக் குத்துகிறது: இதமான ஒலிக்கு எந்த ஸ்பீக்கர் வயர் வாங்கலாம்?

கேள்வி – கோபிசெட்டிபாளையத்திலிருந்து

வணக்கம். தை மாதம் ஓட்டு வீட்டிலிருந்து புதிய தார்சு (கான்கிரீட் கூரை) வீட்டுக்குக் குடிவந்தோம். அதே ஆம்ப்ளிஃபையர், அதே 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு. ஆனால் பாட்டு மட்டும் பழைய பாட்டாக இல்லை. அங்கே தவில் அடித்தால் நெஞ்சில் விழும். இங்கே தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. நாதஸ்வரம் கீச்சிடுகிறது. மாலையில் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்பது அப்பாவின் வழக்கம். இப்போது அரை மணியிலேயே "நிறுத்திவிடு சாமி, காதைக் குத்துகிறது" என்று எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். அதைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை.

கோவையில் ஒரு கடையில் விசாரித்தேன். தடித்த உயர்ரக வயர் போட்டால் ஒலி இதமாகிவிடும் என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்டார்கள். வாங்கலாமா? இடது ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் வயர் போகிறது. வலதுக்குச் சுவருக்குள் பைப்பில் சுற்றி வருவதால் 12 மீட்டர். எலக்ட்ரீஷியன் கையிலிருந்த மெல்லிய வயரையே இழுத்துவிட்டார்.

பதில் – ஈரோடு

பணத்தை எடுக்காதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: பழைய பாட்டு ஓடும்போது பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பாடுவதுபோல் இருக்கிறதா, எங்கிருந்து பாடுகிறார் என்றே பிடிபடவில்லையா? பிடிபடவில்லை என்றால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஸ்பீக்கரின் ஊஃபர் (கனத்த ஒலி தரும் பெரிய கோன்) காற்றை முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கும். கனத்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மேல் ஒலி மட்டும் மிஞ்சும். பாலன்ஸ் குமிழை ஒரு பக்கமாக முழுதும் திருப்பிப் பாருங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் தவில் கனமாகி, இரண்டும் சேர்ந்தால் மெலிந்தால் சந்தேகமே இல்லை.

உறுதிசெய்ய ஒரு பென்சில் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, அதன் பின்னாலிருக்கும் வயர்களைக் கழற்றிவிடுங்கள். பிளஸ்ஸில் இருந்த நுனியைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஊஃபரின் கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது.

பதில் – சூலூர்

நான் இருபது வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டாரை இறக்கிவிட்டு மெல்லிய கேபிள் போட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறைய வோல்டேஜ் கேபிளிலேயே போய்விடும். ஸ்பீக்கரிலும் அதே கணக்குதான். அரை ஸ்கொயர் (குறுக்குவெட்டு அரை சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு 0.039 ஓம். போக வர 24 மீட்டர் என்றால் 0.94 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒலி ஏறக்குறைய 1 டெசிபல் குறையும். இரண்டரை ஸ்கொயர் போட்டால் மொத்தமே 0.19 ஓம்தான். ஸ்பீக்கர் ஓமில் இருபதில் ஒரு பங்குக்குள், உங்களுக்கு 0.4க்குள், வயர் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் எவ்வளவு செலவழித்தாலும் செம்பு செம்புதான்.

ஆனால் செம்புதானா என்று பாருங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய வயர் சந்தையில் நிறைய ஓடுகிறது. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேட்டவர் – கோபி

இரவே பார்த்தேன். பேட்டரியைத் தொட்டதும் இடது கோன் 'டப்' என்று வெளியே வந்தது, வலது உள்ளே போனது! பைப்புக்குள் போன இரண்டு வயரும் ஒரே நிறம், அதனால் மாறியிருக்கிறது. மாற்றி முறுக்கியதும் தவில் திரும்பி வந்துவிட்டது, நம்பவே முடியவில்லை. வலது வயரின் மறுமுனையைச் சேர்த்துப் பிடித்து மல்டிமீட்டரில் அளந்தேன்: 1.7. மீட்டரின் இரண்டு முனைகளை மட்டும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 காட்டுகிறது. ஆக 1.4 ஓம். சூலூர் அண்ணா சொன்னபடி இழையைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளி நிறம்.

ஆனாலும் நாதஸ்வரத்தின் கூச்சம் முழுதாகப் போகவில்லை.

பதில் – பொள்ளாச்சி

வயரே வித்தியாசம் தராது என்று அடித்துச் சொல்ல வேண்டாம். நான் வயர் மாற்றியபோது என் வீட்டில் ஒலி நன்றாகத் தெளிந்தது.

பதில் – ஈரோடு

உங்கள் காது பொய் சொல்லவில்லை அண்ணா. பச்சை பூத்த முனையை வெட்டிப் புதிதாக இறுக்கினாலே நல்ல மாற்றம் தெரியும். ஆனால் அது தொடுப்பு சரியானதன் பலன். அதற்கு விலை உயர்ந்த வயர் தேவையில்லை.

கோபி நண்பரே, மிச்சக் கூச்சம் உங்கள் ஹாலில் இருக்கிறது. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டிங்' என்று சுவருக்குச் சுவர் தெறிக்கும். ஓட்டு வீட்டில் மரச்சட்டமும் சந்துபொந்தும் ஒலியைச் சிதறடித்தன. இங்கே டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர். ஸ்பீக்கருக்கும் அப்பா உட்காரும் நாற்காலிக்கும் நடுவே பவானி ஜமுக்காளம் இரண்டை மடித்து விரியுங்கள். அது கனத்த ஒலியை ஒன்றும் செய்யாது, காதைக் குத்தும் மேல் ஒலியைத்தான் குறைக்கும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஸ்பீக்கர்கள் நேரே காதைப் பார்த்து நின்றால் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். டுவீட்டரின் (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) கூர்மை பக்கவாட்டில் தணியும். சுவருக்கு அருகே தள்ளினால் கனத்த ஒலி கூடும். பின்னால் துளை இருக்கும் பெட்டியானால் அரை அடியாவது இடைவெளி விடுங்கள்.

கேட்டவர் – கோபி

அம்மிச்சி கொடுத்த ஜமுக்காளம் பீரோவுக்கு மேலே சும்மா கிடந்தது, எடுத்து விரித்தேன். சென்னிமலைப் போர்வை ஒன்றை ஜன்னலில் கட்டினேன். நேற்று அப்பா ஏழு மணிக்கு உட்கார்ந்தவர் எட்டரை வரை எழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு "இந்தத் தவில் தனி முடியட்டும்" என்றார்.

வலது வயரை ஞாயிற்றுக்கிழமை இரண்டரை ஸ்கொயர் செம்பாக மாற்றப்போகிறேன். சுவரை உடைக்காமல் பைப்புக்குள் எப்படி நுழைப்பது?

பதில் – சூலூர்

பழைய வயரை உருவி எடுத்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் இழுகயிறு. அதன் நுனியில் புதியதை இறுக்க முறுக்கி, மேலே வழுவழுப்பான டேப் சுற்றி, ஒருவர் இழுக்க மற்றவர் தள்ளிக்கொடுங்கள். வளைவில் சிக்கினால் பலமாக இழுக்காமல் ஒரு முழம் பின்னுக்கு விட்டு மறுபடி இழுங்கள். நுழைக்கும் முன்பே பிளஸ் வயரின் இரு முனையிலும் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், தம்பி.