கிரெடிட் என்றால் வரவா, கடனா?

தாராவி_மளிகை:
90 அடி சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்குக் கிரெடிட் என்றால் கடன். நோட்டில் பற்று எழுதுவோம், சம்பளம் வந்ததும் அடைப்பார்கள். ஆனால் என் கணக்கில் பணம் ஏறினால் பேங்க் மெசேஜில் ‘கிரெடிட்’ என்று வருகிறது. பி.காம். படிக்கும் மகளோ, “அதை நம்ம புத்தகத்தில் டெபிட்னுதான் எழுதணும்ப்பா” என்கிறாள். இந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?

மாட்டுங்கா_கணக்கர்:
மகள் சொல்வது சரிதான் அண்ணாச்சி. லத்தீனில் ‘கிரேதெரே’ என்றால் நம்புதல், நம்பி ஒப்படைத்தல். கடைக்கு வருபவரை நம்பி அரிசி கொடுக்கிறீர்கள். அதேபோல பேங்கை நம்பிப் பணம் கொடுக்கிறீர்கள். மெசேஜ் பேங்கின் புத்தகத்திலிருந்து வருகிறது. அங்கே உங்கள் பணம் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி, நம்பிக் கொடுத்தவர் நீங்கள். அதனால்தான் உங்கள் பெயரில் கிரெடிட். உங்கள் நோட்டுக்கு வந்தால், பேங்கும் பற்று வாங்கிய ஒரு வாடிக்கைக்காரர்தான். நீங்கள் தினமும் எழுதும் அந்தப் பற்றுதான் டெபிட். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு பக்கம் டெபிட், மறுபக்கம் கிரெடிட் என்று எழுதும் இந்த இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் அச்சிட்டு விளக்கிய லூக்கா பாச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி.

சயான்_வாசி:
என் தாத்தா சிறுவயதில் கத்தோலிக்கக் கோவிலில் லத்தீன் பூசைக்கு உதவி செய்தவர். விசுவாசப் பிரமாணம் ‘கிரேதோ’ என்றுதான் தொடங்கும்: நான் நம்புகிறேன். பரலோக மந்திரத்தில் நாம் ‘பாவங்களை’ என்று சொல்லும் இடத்தில் லத்தீனில் ‘தேபிதா’, அதாவது பட்ட கடன்கள். டெபிட்டும் அங்கிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் கடமையைக் குறிக்கும் ‘டியூட்டி’க்கும் அதே வேர். நமக்கு இது புதிதில்லை. கடன் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் வைத்திருக்கிறோம். நன்றிக்கடன், செஞ்சோற்றுக்கடன் எல்லாம் பணமா என்ன?

தாராவி_மளிகை:
இப்போது விளங்கிவிட்டது, இருவருக்கும் நன்றி. இதைப் படித்ததும் அப்பாவின் பழைய நோட்டு நினைவுக்கு வந்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ‘நாணயம்’ என்று எழுதி வைத்திருப்பார். அந்த வீட்டுக்குப் பாக்கி எவ்வளவு ஏறினாலும் சரக்கு போகும். 2020 ஊரடங்கில் ஊருக்குக் கிளம்பிப்போன ஒரு குடும்பம், நான் கேட்காமலே திருநெல்வேலியிலிருந்து பாக்கி முழுவதையும் அனுப்பி வைத்தது. அன்று அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நானும் அதையே எழுதினேன்.