நீல வளையத்தைத் தூக்கினால்தான் தளம் ஒரே மாதிரி இருக்குமா?

தாவல்விசை | இரவு 8.42

பிக்சல்பித்தன் புதியவர்களுக்காக எழுதிய குறிப்பின் முதல் வரி இது: "எல்லா பிரவுசரிலும் தளம் ஒரே மாதிரி தெரியணுமா? முதல் வேலையா ஃபோகஸ் அவுட்லைனை 'நன்'னு போட்டுத் தூக்குங்க." அதாவது, டேப் விசையில் நகரும்போது நிற்கும் இடத்தைக் காட்டும் நீல வளையத்தை, ஸ்டைல்ஷீட்டில் 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று எழுதி நீக்கச் சொல்கிறார். கீழே வரிசையாக நன்றி, அருமை, சேமித்துவிட்டேன் என்று பதில்கள். பார்த்ததும் வயிறு எரிந்தது.

கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தர வேறு எதுவும் கிடைக்கவில்லையா? மவுஸ் பிடிக்க முடியாதவர் டேப் விசையைத் தட்டித் தட்டித்தான் பக்கத்தில் நகர்கிறார். எந்த லிங்கில் நிற்கிறோம், எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று அவருக்குக் காட்டுவது அந்த நீல வளையம் ஒன்றுதான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் அணுகல்தன்மை நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். ஃபோகஸ் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதில் 2.4.7-ஆம் விதி, மூன்று நிலைகளில் நடுவான ஏஏ நிலை. இத்தனை வருடம் கழித்தும் தூக்கச் சொல்லி ஒருவர் பாடம் எடுக்கிறார். அந்த வரியை எடுங்கள்.

பிக்சல்பித்தன் | இரவு 9.05

என் குறிப்புல பதினஞ்சு விஷயம் இருக்கு. பக்கத்தோட முதல் வரியில டாக்டைப் அறிவிப்பைப் போடலைன்னா பிரவுசர் பழைய காலத்து குவிர்க்ஸ் மோடுக்குப் போயிரும்னு சொல்லியிருக்கேன். பெட்டியோட அளவைக் கணக்கிடுற பாக்ஸ்-சைசிங் சொல்லியிருக்கேன். ஒரு அம்சத்தை பிரவுசர் ஆதரிக்குதான்னு 'சப்போர்ட்ஸ்' விதி போட்டுப் பார்க்கிறது சொல்லியிருக்கேன். அதெல்லாம் கண்ணுல படலை. வளையம் மட்டும் பட்டுருச்சு.

பன்னிரண்டு வருஷமா இதே தொழில். பழைய ஃபயர்ஃபாக்ஸ்ல புள்ளிக்கோடு, மேக்ல நீல ஒளி, விண்டோஸ் குரோம்ல ஒரு காலத்துல ஆரஞ்சு. ஒரு பட்டனுக்கு மூணு முகம்! வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "பட்டனைச் சுத்தி என்னய்யா அழுக்கு?"ன்னு கேட்டா பதில் சொல்றவன் நான். நீங்க இல்ல.

நிரலி | இரவு 9.11

ரெண்டு பேரும் "ஒரே மாதிரி"ங்கிறதை ஒரே அர்த்தத்துல சொல்றீங்களா? பிக்சலுக்குப் பிக்சல் ஒரே தோற்றமா, இல்ல எந்த பிரவுசர்ல வந்தாலும் வேலை முடியணும்கிறதா? அதை முதல்ல பேசிட்டு மத்ததுக்குப் போகலாமே.

பிக்சல்பித்தன் | இரவு 9.14

ஒரே மாதிரின்னா ஒரே மாதிரிதான். இதுக்கு அகராதி எதுக்கு?

அப்புறம் இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்ல. சிஎஸ்எஸ் நிபுணர் எரிக் மேயரோட ரீசெட்லயே (பிரவுசரோட சொந்த ஸ்டைலை அழிக்கிற தொடக்க ஸ்டைல்ஷீட்) ஃபோகஸ் அவுட்லைன் பூஜ்ஜியம்னு இருந்துச்சு. உலகமே அதை எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் தளம் கட்டுச்சு. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

தாவல்விசை | இரவு 9.31

பாதியை மட்டும் சொல்லாதீர்கள். அந்த வரிக்கு மேலேயே, ஃபோகஸ் ஸ்டைலை நீங்களே எழுத மறக்காதீர்கள் என்று மேயர் குறிப்பு எழுதியிருந்தார். எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் வரியை வைத்துக்கொண்டார்கள், குறிப்பை மறந்தார்கள். 2011-இல் வந்த அவருடைய ரீசெட்டின் 2.0 பதிப்பில் அந்த ஃபோகஸ் விதியே கிடையாது. எழுதியவரே விட்டுவிட்டார், நீங்கள் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதும் பழைய கதை. மவுஸால் கிளிக் செய்யும்போது பட்டனைச் சுற்றி வளையம் வருவதுதானே அவர் புகார்? அதற்காகவே ஸ்டைல்ஷீட்டில் ஃபோகஸ்-விசிபிள் என்ற குறி வந்தது. குரோம் 86, அக்டோபர் 2020. ஃபயர்ஃபாக்ஸ் 85, ஜனவரி 2021. சஃபாரி 15.4, மார்ச் 2022. கீபோர்டில் வருகிறவருக்கு வளையம் தெரியும், மவுஸில் பட்டனைத் தொடுகிறவருக்குத் தெரியாது. குரோம் 90-லிருந்து பிரவுசரின் சொந்த ஸ்டைலே அப்படித்தான். நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். "நன்" என்ற அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்தாலே போதும்.

பழையகணக்கு | இரவு 9.40

தாவல்விசை ஆரம்பிச்சுட்டாரா! போன வருஷம் எழுத்து அளவைப் பிக்சல்ல குடுக்கலாமா, ரெம்ல (பிரவுசரோட இயல்பு எழுத்தளவை ஒட்டி மாறுற அலகு) குடுக்கலாமான்னு பேசினப்பவும் இப்படித்தான். நாலு நாள் விடாம எழுதி என்னை வாயடைக்கப் பார்த்தார். ஜூம் பண்ணினா பிக்சல்ல இருக்கிற எழுத்தும் பெருசாகுதுன்னு நான் சொன்னதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

தாவல்விசை | இரவு 9.52

பதில் அன்றே சொன்னேன். நீங்கள் படிக்கவில்லை. ஜூம் வேறு, பிரவுசர் அமைப்பில் எழுத்தின் இயல்பு அளவை மாற்றி வைப்பது வேறு. 16 பிக்சலாக இருப்பதை ஒருவர் 24 ஆக்கி வைத்திருந்தால் ரெம்மில் எழுதியது அவருக்குப் பெரிதாகத் தெரியும். பிக்சலில் எழுதியது 16 என்றால் 16-லேயே நிற்கும். அவர் கேட்டதை உங்கள் தளம் காதில் வாங்காது. இதுவும் நீல வளையமும் ஒரே நோய்தான்: பார்க்கிறவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிடுவது.

பழையகணக்கு | இரவு 9.55

இதோ, மறுபடியும் வாத்தியார் வேலை.

சொல்லாய்வி | இரவு 10.03

அன்பர்களே, பொருளுக்குள் நான் வரவில்லை. ஆனால் இவ்வளவு நேரமும் "பிரவுசர்", "அவுட்லைன்", "ஃபோகஸ்" என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உலாவி, புறக்கோடு, குவியம் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. "உலாவி" பாமரருக்கும் பழகிய சொல். தமிழில் விவாதிப்பவர்கள் தமிழில் விவாதித்தால் என்ன?

பிக்சல்பித்தன் | இரவு 10.06

ஐயா, ஸ்டைல்ஷீட்ல புறக்கோடுன்னு எழுதினா எந்த உலாவியில ஓடும்? சொல்லுங்க, எழுதுறேன்.

சொல்லாய்வி | இரவு 10.09

நிரலில் எழுதச் சொல்லவில்லை, உரையில் எழுதச் சொன்னேன். இந்த வேறுபாடு தெரியாதவர்தான் புதியவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறார். மேலும், வழுவில்லாமல் இரண்டு வாக்கியம் எழுத வராதவர் என் கேள்வியை எள்ள வேண்டாம்.

நிரலி | இரவு 10.12

குவியம்னா எனக்குப் பௌதிகப் பாடத்து லென்ஸ்தான் ஞாபகம் வருது. கீபோர்டு எங்க நிக்குதுங்கிறதுக்கு அது ஒட்டலையே ஐயா.

சொல்லாய்வி | இரவு 10.15

வழங்க வழங்க ஒட்டும். "உலாவி"க்கும் முதலில் இப்படித்தான் சொன்னீர்கள்.

பிக்சல்பித்தன் | இரவு 10.20

சரி, நான் விஷயத்துக்கு வர்றேன். மேக்ல சஃபாரியைத் திறந்து டேப் அடிச்சுப் பாருங்க. அமைப்புல எதையும் மாத்தாம இருந்தா லிங்குக்குப் போகவே போகாது. நேரா அடுத்த உள்ளீட்டுப் பெட்டிக்குத் தாவிரும். போகாத இடத்துக்கு வளையம் எதுக்கு? ஆப்பிளே அப்படி வெச்சிருக்கு. அங்க போய் இதே சண்டையைப் போட வேண்டியதுதானே?

இன்னொண்ணு. பட்டன் மூலையை நான் வட்டமா வெச்சா, அவுட்லைன் சதுரமா வந்து நிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 2021-ல சரி பண்ணுச்சு, குரோமும் அந்த வருஷம்தான். சஃபாரி 16.4 வரைக்கும், அதாவது 2023 மார்ச் வரைக்கும் சதுரம்தான். அவ்வளவு காலமும் அது அசிங்கமாத்தான் இருந்துச்சு. இருந்துச்சா இல்லையா?

தாவல்விசை | இரவு 10.58

சஃபாரியில் ஆப்ஷன் விசையோடு டேப் அடித்தால் லிங்குக்குப் போகும். அமைப்பில் மேம்பட்டவை பகுதியில் ஒரு பெட்டியைத் தேர்ந்தால் வெறும் டேபே போதும். கீபோர்டை நம்பி இருப்பவர்கள் அதைச் செய்துதான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் அவ்வளவு தூரம் வந்து உங்கள் பக்கத்தைத் திறந்தால் நீங்கள் விளக்கை அணைத்துவிடுகிறீர்கள்.

சதுர மூலை அசிங்கம் என்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன், இதுவரை இங்கே சொன்னதில்லை. எனக்கு வலது மணிக்கட்டில் நரம்பு அழுத்தம். மவுஸைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். மூன்று வருடமாகக் கீபோர்டுதான். ஒருநாள் ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஐந்து பக்கப் படிவம். விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் இரண்டு பட்டன், அருகருகே: "ரத்து", "உறுதி". வளையம் இல்லை. எத்தனை டேப் அடித்தேன் என்று மனதில் எண்ணிக்கொண்டே வந்து என்டர் தட்டினேன். நின்றது ரத்தில். மொத்தமும் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறையும் அதேதான், ஏனென்றால் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு லிங்க் டேப் வரிசையில் புகுந்திருந்தது. மூன்றாம் முறை பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இந்த ஒரு பட்டனை மட்டும் கிளிக் பண்ணுங்க" என்று கேட்டேன். என் சம்பளம், என் மருத்துவ விவரம், எல்லாம் அந்தத் திரையில் இருந்தன. அவர் நாகரிகமானவர், முகத்தைத் திருப்பிக்கொண்டே கிளிக் செய்தார். எனக்குத்தான் கூசிப்போயிற்று.

அந்தப் படிவம் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் அச்சு அசலாக ஒரே மாதிரிதான் இருந்தது. திறந்து பார்த்தேன். வளையம் இல்லாததும் மூன்றிலும் ஒரே மாதிரிதான்.

பிக்சல்பித்தன் | இரவு 11.10

உங்க கை சரியாகணும், அதுல ரெண்டாவது பேச்சில்ல. ஆனா படிவத்தைச் சேமிக்காம விட்டது அந்தத் தளத்தோட தப்பு. அதைக் கொண்டுவந்து என் தலையில கட்டாதீங்க. நான் அவுட்லைனைத் தூக்கிட்டு பாக்ஸ்-ஷேடோ, அதாவது சுத்தி நிழல், போடுறேன். எல்லாத்துலயும் ஒரே நிறம், வட்ட மூலைக்கு வட்டம். குறிப்பைக் கடைசி வரைக்கும் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

தாவல்விசை | இரவு 11.24

கடைசி வரை படித்தேன். ஏழாவது பத்தியில் "விருப்பம் இருந்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்குவது கட்டாயம், திருப்பி வைப்பது விருப்பம்!

அந்த பாக்ஸ்-ஷேடோவும் போதாது. விண்டோஸில் உயர் மாறுபாட்டு வண்ணத்தைப் போட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கண்பார்வை மங்கியவர்கள். அந்த முறையில் பிரவுசர் பாக்ஸ்-ஷேடோவை மொத்தமாக நீக்கிவிடும். உங்கள் நிழல் வளையம் அவர்களுக்குக் கிடையாது. நிழல்தான் வேண்டுமென்றால் கூடவே அவுட்லைனை 2 பிக்சல், நிறம் டிரான்ஸ்பேரண்ட் என்று வையுங்கள். மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்கு அவர்கள் வண்ணத்திலேயே தெரியும். "நன்" என்று எழுதினால் அதுவும் வராது. ஒரு சொல்தான் வித்தியாசம்.

குரல்வழி | இரவு 11.33

நான் திரைவாசிப்பான் வெச்சுக் கேட்கிறவன். பார்வை கிடையாது. உங்க நீல வளையம் எனக்கு இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு. என் தொல்லை வேற. டிவ்வை, அதாவது தனக்குன்னு வேலை எதுவும் இல்லாத வெறும் பெட்டி டேகை, எடுத்து, நிறம் அடிச்சு, கிளிக் மட்டும் மாட்டிவிட்டுப் பட்டன்னு சொல்றாங்க. டேப் அடிச்சா அது வராது, என்டர், ஸ்பேஸ் எதுவும் வேலை செய்யாது, பட்டன்னு வாசிக்கவும் வாசிக்காது. உண்மையான பட்டன் டேகைப் போட்டா இத்தனையும் எல்லா பிரவுசரிலயும் சும்மாவே கிடைக்கும். அடுத்தது, பக்கத்தோட மொழியை எச்டிஎம்எல் டேக்ல குறிக்க மாட்டேங்கிறாங்க. தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலம்னு போட்டு வெச்சிருந்தா ஆங்கிலக் குரல் தமிழைக் கடிச்சுத் துப்புது. இதைப் பத்தியும் நாலு வார்த்தை பேசுங்களேன்.

பிக்சல்பித்தன் | இரவு 11.36

பார்த்தீங்களா! அவருக்கே வளையம் வேண்டாமாம்.

குரல்வழி | இரவு 11.38

நான் அப்படிச் சொல்லல. எனக்குப் பயன்படாதுன்னா யாருக்கும் வேண்டாம்னு அர்த்தமா? என்னை உங்க பக்கம் இழுக்காதீங்க.

தாவல்விசை | இரவு 11.41

அவர் வாயில் நீங்கள் வார்த்தையைத் திணிக்காதீர்கள், பித்தன். குரல்வழி சொன்னது நியாயம், அதைத் தனியாகப் பேசுவோம். முதலில் இந்த வளையம்.

குரல்வழி | இரவு 11.42

எப்பவும் "தனியாப் பேசுவோம்"தான்.

பழையகணக்கு | இரவு 11.47

ரெம் விஷயத்துலயும் எனக்கு இதைத்தான் சொன்னார். தனியாப் பேசுவோம்னு. பேசவே இல்ல.

தாவல்விசை | காலை 6.18

பித்தன், உங்கள் சொந்தத் தளத்தை இப்போது கீபோர்டில் திறந்து பார்த்தேன். 31 முறை டேப் அடித்தேன். எங்கே நிற்கிறேன் என்று ஒரு முறைகூடத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன பாக்ஸ்-ஷேடோ அங்கே எந்த லிங்கிலும் இல்லை. மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்புப் பட்டை வேறு. ஷிஃப்டோடு டேப் அடித்துத் திரும்பி மேலே வந்தால் நிற்கும் லிங்கையே அது மூடிவிடுகிறது. ஃபோகஸ் பெற்றதை முழுதாக மறைக்கக் கூடாது என்று 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2-வில் 2.4.11-ஆம் விதியாகவே சேர்த்திருக்கிறார்கள், அதுவும் ஏஏ நிலை. ஸ்டைல்ஷீட்டில், மேலே இடம் விடச் சொல்லும் ஸ்க்ரோல்-பேடிங்-டாப் என்று ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் முன் உங்கள் வீட்டைப் பாருங்கள். அந்த முதல் வரியை எடுங்கள்.

பிக்சல்பித்தன் | காலை 7.02

என் தளம் இன்னும் வேலையில இருக்கு. முடியாத வீட்டுக்குள்ள புகுந்து குறை சொல்றது என்ன பழக்கமோ. அது நாலு பிரவுசரிலயும் மயிரிழை பிசகாம ஒரே மாதிரி நிக்குது, அதை ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு மனசு வரலை. வரியை எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க தனியா ஒரு குறிப்பு எழுதுங்க, யார் படிக்கிறாங்கன்னு பார்ப்போம்.

சொல்லாய்வி | காலை 7.15

"ஷிஃப்ட்", "ஸ்க்ரோல்-பேடிங்-டாப்". இரவு முழுதும் நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

தாவல்விசை | காலை 7.21

எழுதத்தான் போகிறேன். முதல் வரியில் உங்கள் வரியை அப்படியே போட்டு, அதன் கீழிருந்து தொடங்குவேன். அந்த வரி நீங்கும்வரை தினமும் காலையில் வந்து இங்கே கேட்பேன்: நீல வளையத்தை எங்கே வைத்தீர்கள்?

பிக்சல்பித்தன் | காலை 7.24

கேளுங்க. நாளைக்கும் இதே பதில்தான்.