ஏலத்தில் ஹோண்டா டைப் ஆர் கார் எனக்கு விழுந்துவிட்டது, வெள்ளிக்குள் பணம் கட்ட வேண்டும். கனடாவில் ஓட்ட விடுவார்களா?

கோயம்புத்தூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். கனடாவுக்கு வேலை பர்மிட்டில் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஜப்பானில் ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் மூலம் 2008 ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்டி2 என்ற மாடல் செடான், ஏலம் கேட்டேன். நிறம் சாம்பியன்ஷிப் வெள்ளை, ஏலத்தில் வண்டி நிலைக்குக் கொடுத்த கிரேடு 4. நேற்று இரவு எனக்கே விழுந்துவிட்டது. முன்பணம் கட்டியாச்சு. மீதியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் வண்டியைத் திரும்ப ஏலத்தில் விட்டு, நஷ்டத்தை என் முன்பணத்தில் கழித்துக்கொள்வார்களாம். இப்போது ஆபீசில் ஒருவர், "வலது ஸ்டீயரிங் வண்டியை இங்கே ரோட்டில் விடமாட்டார்கள்" என்கிறார். வண்டிக்குப் பதினைந்து வருஷம் தாண்டினால் பிரச்சினை இல்லை என்று படித்துத்தான் இறங்கினேன். எது சரி? தூக்கமே வரவில்லை.

டல்லாஸ் தமிழன்:
பதினைந்து இல்லை பிரதர், இருபத்தைந்து. 1988 சட்டம். நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் 1999 ஜனவரியில் வந்தது, அதனால் 2024 ஜனவரியில்தான் முதல் வண்டிகளைச் சட்டப்படி இறக்க முடிந்தது. அதுவரை எத்தனை பேர் வாயில் எச்சில் ஊறக் காத்திருந்தோம் தெரியுமா? வயசு பத்தாத வண்டியைக் கொண்டுவந்தால் பறிமுதல் செய்து நசுக்கிவிடுவார்கள். பணம் அனுப்பாதீர்கள்.

ஸ்கார்பரோ அண்ணன்:
டல்லாஸ் தம்பி சொல்வது அமெரிக்கக் கதை. கனடாவில் பதினைந்துதான். உற்பத்தியான மாதத்திலிருந்து பதினைந்து வருடம் முடிந்த காருக்கு இங்குள்ள பாதுகாப்புத் தர விதி பொருந்தாது, வலது ஸ்டீயரிங் என்றாலும் இறக்கலாம். ஆனால் தம்பி, வந்து காலூன்ற முதல் இந்த ஆசை எதற்கு? நாங்கள் வந்த காலத்தில் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. ஒரு பேஸ்மென்டில் ஆறு பேர் இருந்தோம். இரவு வேலை முடித்து பஸ்ஸுக்குப் பனியில் நின்று நின்று காது மரத்துவிடும். முதல் வாகனம் பழைய கொரோலா, அதுவும் மூன்று பேர் காசு சேர்த்து எடுத்தது. ஒரு கொரோலா எடுங்கள், நான்கு விண்டர் டயர் போடுங்கள், நிம்மதியாக இருங்கள்.

மிசிசாகா அக்கா:
கொரோலா வேண்டுமா என்று அந்தத் தம்பி கேட்கவில்லையே!
தம்பி, வண்டி வந்து இறங்குவது பெரிய விஷயமே இல்லை. இன்சூரன்ஸ்தான் மலை. வலது ஸ்டீயரிங் என்றதுமே சில கம்பெனிகள் போனை வைத்துவிடும். ஜப்பான் வண்டிக்கு இங்குள்ளது போல 17 இலக்க வாகன அடையாள எண் கிடையாது, சின்னதாக ஒரு சேஸிஸ் நம்பர்தான். அவர்கள் கம்ப்யூட்டர் அதை ஏற்காது, ஆளைப் பிடித்துப் பேசித்தான் போட வைக்க வேண்டும். என் கணவர் வண்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், மதிப்பீட்டு அறிக்கை கேட்டார்கள், எல்லாம் கொடுத்த பிறகு முடியாது என்றார்கள். வேறு கம்பெனி எடுத்துக்கொண்டது, ஆனால் தொகையைக் கேட்டால் மயக்கம் வரும். இங்கே ஓட்டிய வரலாறே இல்லாத உங்களுக்கு இன்னும் கூடும். எழுத்தில் கொட்டேஷன் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

புதுசா வந்தவன்:
இடையில் ஒரு சந்தேகம். குடியேற வருபவர்கள் கொண்டுவரும் பொருளுக்குச் சுங்கவரி இல்லை என்று சொன்னார்களே, அதில் இந்தக் கார் வருமா?

மிசிசாகா அக்கா:
வராது. கனடாவுக்கு வரும் முன்பே சொந்தமாக வைத்திருந்து, கையில் இருந்து, பயன்படுத்தியதாக இருக்க வேண்டும். இங்கே உட்கார்ந்துகொண்டு யோகோஹாமாவில் ஏலம் எடுத்தது அதில் சேராது.

விண்ட்சர் கராஜ்:
எல்லாரும் பேசுகிறீர்கள், கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. தம்பி, நீங்கள் இருப்பது எந்த மாகாணம்?

கோயம்புத்தூர்க்காரன்:
மாகாணமா? கியூபெக் அண்ணா. மொன்றியாலுக்குப் பக்கத்தில், லவால். அது ஏதாவது மாறுமா?

விண்ட்சர் கராஜ்:
எல்லாமே மாறும். வண்டியை நாட்டுக்குள் விடுவது மத்திய அரசு, அதற்குப் பதினைந்து. நம்பர் பிளேட் கொடுப்பது மாகாணம். கியூபெக்கில் 2010 முதல், 25 வயது ஆகாத வலது ஸ்டீயரிங் வண்டியைப் பதிவு செய்யமாட்டார்கள். உங்கள் 2008 வண்டி துறைமுகத்தைத் தாண்டி வரும், சுங்கத்தில் முத்திரை விழும், கியூபெக்கின் வாகனப் பதிவு நிறுவனமான எஸ்ஏஏகியூ கவுண்டரில் நின்றுவிடும். ஆபீசில் சொன்னவர் பாதி சரி, நீங்கள் படித்ததும் பாதி சரி.

ஒட்டாவாவில் இருப்பவன்:
இதுக்கு ஏன் பயப்படணும்? ஒன்டாரியோவில் மாமா, மச்சான் யாராவது இருப்பார்கள். அவர்கள் விலாசத்தில் பதிவு செய்து லவாலில் ஓட்டுங்கள். ஒட்டாவாவுக்கு எதிரே கியூபெக் பக்கம் இருக்கும் கட்டினோவில் இருந்துகொண்டு ஒன்டாரியோ பிளேட்டில் சுற்றுகிறவர்கள் எத்தனையோ பேர்.

மிசிசாகா அக்கா:
இந்த யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் பாலிசி. பொய் விலாசம் என்று தெரிந்த நிமிஷம் க்ளெய்ம் கிடையாது. வேலை பர்மிட்டில் இருக்கும் பிள்ளைக்கு இது தேவையா?

ஒட்டாவாவில் இருப்பவன்:
சும்மா ஒரு வழி சொன்னேன், அதுக்கு இப்படியா.

பார்க் எக்ஸ்டென்ஷன் வாசி:
கியூபெக்கில் எதுதான் நேராக நடக்கும்? வாடகை ஒப்பந்தம் பிரெஞ்சில், டாக்டரைப் பார்க்க வரிசை, ஊரில் எட்டு வருஷம் கார் ஓட்டினேன், இங்கே பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். விண்டர் டயர்கூடச் சட்டம், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை.

ஸ்கார்பரோ அண்ணன்:
அதற்குத்தான் அன்றே சொன்னோம், டொராண்டோ பக்கம் வாருங்கள் என்று.

பார்க் எக்ஸ்டென்ஷன் வாசி:
அங்கே இன்சூரன்ஸ் கட்டியே சொத்து அழியும் அண்ணே. எங்களுக்கு உடம்புக் காயத்தை எஸ்ஏஏகியூவே பார்த்துக்கொள்கிறது, தனியாரிடம் வண்டிச் சேதத்துக்கு மட்டும்தான் போகிறோம்.

மிசிசாகா அக்கா:
சரி, ஊர்ச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வரப்போகிறது.

விண்ட்சர் கராஜ்:
தம்பி, இன்றே ஏஜென்டுக்கு எழுதுங்கள். பதிவு விதியால் எடுக்க முடியவில்லை, மறு ஏலத்தில் விட்டால் ஏலக் கட்டணம் எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு கழியும் என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி இன்னும் ஜப்பானில்தான் இருக்கிறது, கப்பல் செலவு ஏறவில்லை, அதனால் இப்போது பின்வாங்கினால் அடி சின்னது. அங்கேயே இருக்கும் இன்னொரு வாடிக்கையாளருக்கு விற்றுத் தர முடியுமா என்றும் கேளுங்கள். எஃப்டி2 செடானைக் கேட்க ஆள் இருக்கும். முன்பணத்தை அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால் இன்னும் நல்லது.

டைப் ஆர்தான் வேண்டும் என்றால் பழைய சிவிக் டைப் ஆரான ஈகே9 பாருங்கள். 1997 ஆகஸ்டில் வந்த மாடல், 1.6 லிட்டர் பி16பி இன்ஜின், 185 குதிரைத்திறன். 1998, 1999 வண்டி என்றால் கியூபெக்கின் 25 வருஷத்தையும் தாண்டிவிடும். விலை கூடுதல், ஒத்துக்கொள்கிறேன். ஏலம் கேட்கும் முன் லவாலிலேயே ஒரு புரோக்கரிடம் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து இன்சூரன்ஸ் கொட்டேஷன் வாங்குங்கள், அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. எல்லையில் 5 சதவீத ஜிஎஸ்டி, ஏசி இருந்தால் நூறு டாலர், சுங்கவரி 6.1 சதவீதம். ஜப்பானில் உற்பத்தியானது என்ற சான்று இருந்தால் கனடாவும் ஜப்பானும் இருக்கும் சிபிடிபிபி வர்த்தக ஒப்பந்தத்தில் அந்தச் சுங்கவரி போய்விடும். அந்தச் சான்றை ஏஜென்டிடம் முதலிலேயே கேளுங்கள், பலர் தாங்களாகத் தரமாட்டார்கள். பதிவின்போது கியூபெக் வரி 9.975 சதவீதம் தனி. அடியில் மண் ஒட்டியிருந்தால் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள், கழுவித்தான் ஏற்ற வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். ஜப்பான் ஹெட்லைட் இடது பக்கம் ஓட்டுவதற்கு அமைந்தது, இங்கே எதிரே வருபவன் கண்ணைக் குத்தும். மாற்றச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கோயம்புத்தூர்க்காரன்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஏஜென்ட் பதில் வந்தது. மறு ஏலக் கட்டணமும் கையாளும் செலவும் போக மிச்ச முன்பணத்தை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்கிறாராம். இரண்டு ஈகே9 வண்டிகளின் ஏலப் பரிசோதனை ஷீட் அனுப்பியிருக்கிறார். ஒன்றில் பின் சக்கரத்துக்கு மேலே எஸ், சி என்று எழுதியிருக்கிறது. என்ன அர்த்தம்?

விண்ட்சர் கராஜ்:
எஸ் என்றால் துரு. சி என்றால் அரித்தே விட்டது. அந்த வயசு சிவிக்குக்குப் பின் சக்கர வளைவுதான் முதலில் போகும், இங்கே ரோட்டில் கொட்டும் உப்பில் ஒரு குளிர்காலம் தாங்காது. அதை விடுங்கள். இன்னொன்றின் ஷீட்டைப் போடுங்கள், பார்க்கிறேன்.